கரையை அளப்பவர்கள்



கடற்கரைக் கண்காணிப்பு பற்றிய கருத்தரங்கைக் கடலே இல்லாத தம்மம்பட்டியில் ஏன் நடத்துகிறீர்கள் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் கேட்டார்கள். இடம் பொருத்தமானதே. கொல்லிமலையில் பிறந்து இப்பக்கமாக ஓடும் சுவேத நதி, வசிஷ்ட நதியோடு கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. தொழுதூர், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுகளையும் மணல் அள்ளும் லாரிகளையும் தப்பிப் போகிற மணல் அங்கே கரை சேர்கிறது.

சேர்ந்த மணல் அங்கேயே கிடப்பதுமில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சோழமண்டலக் கரையில் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்ததும், அவற்றுக்குத் தெற்கே மணல் தேங்கியது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்துபோய், கடைசியில் பாறைக் குவியலே மிஞ்சியது.

இப்படிப் போவதும் வருவதுமாக உள்ள ஒன்றை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு என்ன சொல்லிவிட முடியும்? புயலுக்கு மறுநாள் எடுத்த படம் பத்திரிகையில் வந்துவிடுகிறது. நாலு மாதம் கழித்து மணல் திரும்பியதா, இல்லையா என்று பார்க்க யாரும் போவதில்லை. செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். கரைக்கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதை அவை நன்றாகவே காட்டும். மணல்மேடு இடுப்பளவு தாழ்ந்ததை, மாதந்தோறும் அதே இடத்தில் போய் நிற்பவர்தான் கவனிப்பார்.

சென்னையில் 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவை நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடும் பருவத்தில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுக்க நடக்கிறார்கள். பங்குனி ஆமை இட்ட முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆமைக்குஞ்சுகளை ரசிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு அவர்களின் நடைதான் பெரிது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, இது வழக்கத்துக்கு மாறானது என்று உறுதியாகச் சொல்ல முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்தது.

தன்னார்வலர்கள் தவறவிடுவது பெரும்பாலும் ஒன்றும் நடக்காத நாளைத்தான். 'போனோம், எதுவும் இல்லை' என்பது ஒரு தகவல். 'யாரும் போகவில்லை' என்பது வேறு. இரண்டுக்கும் குறிப்பேட்டில் ஒரே வெற்றிடத்தை விட்டால் பத்தாண்டு உழைப்பும் ஆய்வாளருக்குப் பயன்படாது. தன்னார்வலர்களுக்கான பதிவுப் படிவம் பற்றி இங்கே விவாதிக்கப் போகிறவர்கள் இதற்கென ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும் என்பது என் வற்புறுத்தல்.

கருவிக்குப் பணமில்லை என்ற பேச்சை இங்கே எடுக்க வேண்டாம். எமரி என்ற அமெரிக்க அறிஞர் 1961இல் எழுதிய, கரைச்சரிவை அளக்கும் முறைக்குச் சம உயரமுள்ள இரண்டு அளவுகோல்களும் ஒரு கயிறும் போதும். மேட்டில் ஒருவர், சரிவில் ஒருவர். மேட்டில் இருப்பவர் கீழ்க்கோலின் உச்சியைத் தொடுவானத்தோடு நேர்ப்படுத்திப் பார்த்து, அந்த நேர்கோடு தன் கோலில் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே விழுகிறது என்று படிப்பார். அதுதான் இருவருக்கும் இடையிலுள்ள இறக்கம். அப்படியே கயிற்றளவு கயிற்றளவாகத் தண்ணீர் வரைக்கும் போக வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1999 முதல் பொதுமக்கள் இப்படித்தான் அளந்து வருகிறார்கள். சாமி வாகனங்களைச் செதுக்கும் தம்மம்பட்டி மரச்சிற்பிகளுக்கு இரண்டு கோல் செய்வது ஒரு வேலையா!

ஒரு முன்மொழிவு. பரங்கிப்பேட்டையிலிருந்து சாமியார்பேட்டை வரை சில இடங்களைத் தேர்ந்து மாதம் ஒருமுறை அளப்போம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. குறிப்புகளைக் காத்துவைக்க அவர்களைக் கேட்கலாம். அதே குறிப்பேட்டில் சுவேத நதிக்கும் ஒரு பக்கம் வேண்டும். பாலத்துத் தூணில் ஒரு குறியிட்டு, ஒவ்வொரு வெள்ளமும் வடிந்தபின் அங்கிருந்து ஆற்றுமணல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று இங்குள்ள கல்லூரி மாணவர்கள் அளக்கலாம். ஆற்றுப் பக்கத்துக்குப் பொறுப்பேற்பவர்கள் தேநீர் இடைவேளைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.