வேடிக்கை பார்க்கத்தான் திருவிழா!

(‘பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது பணமா? மனமா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘மனமே’ என்ற அணியில் பேசியது.)



எதிரணியில் பேசிய அம்மையார் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். “கையில காசில்லாதவன் திருவிழாவுக்குப் போனா என்ன கிடைக்கும்? வேடிக்கைதான் பார்க்கலாம்!” என்றார்கள். அம்மா, வேடிக்கை பார்க்கத்தானம்மா திருவிழாவே! (கைதட்டல்)

இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்கள் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு, ஆடிக் களித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அங்கே டிக்கெட் கிழித்ததாக உருத்திரங்கண்ணனார் எங்கேயும் பாடவில்லை! (சிரிப்பு)

சரி, அது பழங்கதை என்பீர்கள். 2023 ஆகஸ்டில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம். அங்கே ராக்லாண்ட் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஐந்து நாள் சிங்கி இறால் திருவிழா நடக்கிறது. நம் கடல் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது. அங்கே உள்ளதற்கு இரண்டு பெரிய கொடுக்கு; பார்த்தாலே விரல் தானாக மடங்கிக் கொள்ளும்!

பாஸ்டனில் படிக்கும் மகனைப் பார்க்க நானும் என் வீட்டம்மாவும் போயிருந்தோம். விமான டிக்கெட்டுக்கே கை கரைந்துவிட்டது. பாஸ்டனிலிருந்து பஸ். தங்கல், மகனுடைய நண்பன் வீட்டில். கையில் புளியோதரைப் பொட்டலம். இதுதான் எங்கள் பட்ஜெட்!

விலைப்பலகையைப் பார்த்த என் மனைவி, “ஏங்க, இது இறால் விலையா, இல்ல படகு விலையா?” என்றாள். (சிரிப்பு) ஒரே ஒரு தட்டு வாங்கினோம், மூன்று பேருக்கும் சேர்த்து. உருக்கிய வெண்ணெயில் தொட்டுச் சாப்பிட வேண்டும். அதற்கு முன் கழுத்தில் பிளாஸ்டிக் துணி கட்டிவிடுகிறார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவன் பால்குடிக் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மகன் ஓடு உடைத்துக் கொடுத்தான். அவன் அம்மாவுக்கு முதல் துண்டு. ஆளுக்கொரு தட்டு வாங்கியிருந்தால் அந்த முதல் துண்டு ஏது ஐயா? (கைதட்டல்)

மற்றதைக் கேளுங்கள். இறால் பெட்டிகளை வரிசையாகக் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் பிள்ளைகளை ஓடவிடுகிறார்கள். எத்தனை பெட்டி தாண்டினார்கள் என்று கணக்கு. தடுமாறினால் ‘தொபுக்கடீர்!’ கரையில் நிற்பவனுக்குப் பர்ஸ் கனமா, லேசா என்று யார் கேட்டார்கள்? துறைமுகத்துக்கு அரணாகக் கருங்கல்லால் கட்டிய அலைதடுப்புச் சுவர், ஏறக்குறைய ஒரு மைல் கடலுக்குள் போகிறது. அதன் முனையில் 1902இல் கட்டிய கலங்கரை விளக்கம். இருபக்கமும் கடல், நடுவிலே நாங்கள். நடக்கக் கட்டணம் இல்லை!

எதிரணி நண்பர் பணம் பணம் என்றாரே, அந்தத் திருவிழா பிறந்த கதையைக் கேட்கட்டும். 1947இல் பக்கத்து ஊரான காம்டனில் தொடங்கினார்கள். ஒரு டாலர் கொடுத்தால் வயிறு கொண்ட மட்டும் சிங்கி இறால்! வந்தவர் வயிறு நிறைந்தது. நடத்தியவர் கை சுட்டது. பணம்தான் பெரிதென்றால் அன்றோடு கடையைக் கட்டியிருக்க வேண்டும். மறு ஆண்டே ராக்லாண்டில் மறுபடி நடத்தினார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் இன்றும் நடத்திக் கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. அங்கே மீனவர் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. சிங்கி இறாலின் கண்குழியிலிருந்து முதுகோட்டின் முடிவுவரை மூன்றே கால் அங்குலத்துக்குக் குறைந்தால் குஞ்சு, கடலில் விடு! ஐந்து அங்குலத்துக்கு மேல் போனால் நன்றாக இனம் பெருக்கும், அதையும் விடு! முட்டை சுமந்து வந்தால் வால் மடலில் சின்ன வெட்டு அடையாளம் போட்டு விட்டுவிட வேண்டும். அடுத்த முறை முட்டையில்லாமல் சிக்கினாலும் தொடக்கூடாது. நம்ம ஊரில் வளைகாப்பு, அங்கே வால்காப்பு! (சிரிப்பு, கைதட்டல்) நம் கிழக்குக் கடற்கரையிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றனவே, அதே நியாயம்தான். கைக்கு வந்த காசை நாளைய பிள்ளைகளுக்காகக் கடலிலேயே விடுகிறவனிடம் போய்ப் பணமா மனமா என்று கேட்டுப் பாருங்கள்!

கடைசியாக ஒன்று. எங்கள் தெருவில் ஒரு பெரியவர். “ரிடையர் ஆகட்டும், மொத்தமா பணம் வரட்டும், எல்லா ஊரையும் பார்த்துடலாம்” என்று மனைவியிடம் முப்பது வருஷம் சொன்னார். பணம் வந்தது. அந்த அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. இப்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள் இரண்டு பேரும்.

பணம் வரும்வரை நாம் காத்திருக்கலாம், முழங்கால் காத்திருக்காது. தாய்மார்களே, அமெரிக்காவுக்குப் போகச் சொல்லவில்லை. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போங்கள். நாலு பேருக்கு ஒரு பொட்டலம் வாங்கினாலும் பிரித்துத் தின்னுங்கள். பணம் தட்டின் எண்ணிக்கையைத்தான் கூட்டும். ருசியைக் கூட்டுவது மனம். ஆகவே, மனமே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.