எல்லைக்கோட்டில் ஏடும் ஏரும்



தில்லி, மும்பை போன்ற நகரங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கு ஒரு கவலை உண்டு. பிள்ளை வீட்டிலே தமிழ் பேசும். எழுதப் படிக்கத் தெரியாமற் போய்விடுமோ என்பதே அக்கவலை. அதற்காக விடுமுறை நாள்தோறும் ஆசிரியரைத் தேடி அலைவோரை நாம் அறிவோம். கேரள மாநிலத்தின் கிழக்கோரத்தில், கணக்கும் அறிவியலும் உட்படப் பாடங்களைத் தமிழிலேயே அரசுப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்னும் செய்தி அத்தகையோர்க்கு மகிழ்ச்சி தரக்கூடும். 2020 ஆம் ஆண்டில் வந்த கொரோனாப் பெருந்தொற்று அப்பிள்ளைகளின் படிப்பையும் அவர்களைச் சார்ந்தோரின் பயிர்த்தொழிலையும் என்ன செய்தது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பாலக்காட்டு மாவட்டத்திலே சித்தூர் வட்டம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்கள் அதைச் சேர்ந்தவை. அங்குள்ள தமிழர் தலைமுறை தலைமுறையாக மண்ணை உழுது வாழும் குடிகள். தெற்கே, இடுக்கி மாவட்டத்திலே தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்கள். இங்குள்ளோரிற் பலர் தேயிலைக்கும் ஏலத்துக்கும் உழைக்க மலையேறி வந்தவர்களின் வழிவந்தோர். மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. கோடு காகிதத்தில் விழுந்தது. ஆயினும், கொள்வினை கொடுப்பினையும் சந்தையும் வேலையும் அக்கோட்டைப் பொருட்படுத்தாமலே நடந்து வந்தன.

ஏலத் தோட்டங்களின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்துப் போடி, தேவாரம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களிலிருந்து பொழுது விடியுமுன்னே ஜீப்புகள் புறப்படும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறும். ஒவ்வொரு ஜீப்பிலும் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்கிறதோ அதைப்போல் இருமடங்கு பெண்கள் அமர்ந்திருப்பர், தூக்குச் சட்டியில் சோறு, தலையிலே துண்டு. மாலையில் அதே ஜீப்பில் இறங்குவர். இடுக்கியின் ஏலம் இவர்களுடைய விரல்களை நம்பி நிற்கும் பயிர். செடியின் அடியிலே, தரையோடு படரும் சரங்களில் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகவே பருவத்தில் ஏறக்குறைய ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை சுற்றி வந்து, முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் காய் பழுத்து வெடிக்கும். எலியும் அணிலும் பங்கு கேட்கும். இதற்கு இயந்திரம் இல்லை.

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது இந்த ஜீப்புகள் நின்றன. சோதனைச் சாவடிகள் அடைபட்டன. மலைமேல் தங்கி வேலை செய்தோர் வண்டியின்றிக் காட்டுவழியே கால்நடையாக ஊர் திரும்ப முற்பட்டனர். அதற்கு முந்திய நாள், அதாவது மார்ச் 24 அன்று, இடுக்கித் தோட்டத்திலிருந்து போடிக்கு அருகிலுள்ள இராசிங்காபுரம் நோக்கி மலையிறங்கிய ஒரு குழுவினர் காட்டுத் தீயிற் சிக்கினர். ஒரு குழந்தை உட்படச் சிலர் மாண்டனர். நோய் அவர்களைத் தீண்டவேயில்லை.

மார்ச்சு முதல் மே வரை ஏலத்தில் காயெடுப்பு இராது. அதனால் நட்டமில்லை என்று வெளியிலிருப்போர் எண்ணக்கூடும். தண்ணீர் விடுவதும், காய்ந்த தண்டுகளை நீக்குவதும், நிழல் மரங்களின் கிளையைக் கழிப்பதும், மருந்து தெளிப்பதும் அந்த வேனில் மாதங்களில்தான். அப்போது கைவிட்ட செடி ஆடியில் கணக்குத் தீர்க்கும். தமிழிலே ஏலம் என்னும் ஒரு சொல் பயிரையும் குறிக்கிறது, கூவி விற்பதையும் குறிக்கிறது. அந்த ஆண்டு இரண்டும் ஒருங்கே நின்றன. இடுக்கியில் புற்றடியிலும் தமிழ்நாட்டில் போடியிலும் நடைபெறும் ஏலச் சந்தை மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டது. புற்றடியில் மே இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், கையிலிருந்தும் காசாகாத நிலையில் ஸ்டோர்களில் கிடந்தது.

பாலக்காட்டுப் பக்கம் இடர் வேறு வகை. முதலமடை மாங்காய்க்குப் பேர்பெற்ற ஊர். நாட்டின் மற்றப் பகுதிகளில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே அங்கே காய் வந்துவிடும் என்பதால் வடநாட்டுச் சந்தைகளில் அதற்கு நல்ல விலை. உங்களிற் சிலர் தில்லியில் வாங்கிய முதல் மாம்பழம் அவ்வூரினதாக இருந்திருக்கலாம். பருவத்தின் நடுவிலே ஊரடங்கு வந்தது. லாரி இல்லை, பறிக்க வரும் தமிழ்நாட்டு ஆட்களுக்கு வழியில்லை, கடன் வாங்கித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் காய் உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டவடையிலும் காந்தளூரிலும் கிழங்கும் காரட்டும் பூண்டும் விளைவிப்போர்க்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

இனிப் பள்ளிக்கூடத்திற்கு வருவோம். கல்வி வேறு, வேளாண்மை வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். எல்லையோரத்தில் இரண்டும் ஒரே ஜீப்பில் பயணம் செய்தன. தாய்க்குக் கூலி நின்றபோது பிள்ளைக்குப் பாடமும் நின்றது. ஏனெனில், அந்த ஆண்டில் பாடம் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது.

கேரள அரசு 2020 ஜூன் 1 முதல் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘முதல் மணி’ என்னும் பொருள்படும் பெயரில் வகுப்புகளைத் தொடங்கியது. பாராட்டத்தக்க முயற்சி, நாட்டிற் பல மாநிலங்கள் திகைத்து நின்றபோது இம்மாநிலம் விரைந்து செயற்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொலைக்காட்சியில் வந்த அவ்வகுப்புகள் மலையாளத்தில் நடந்தன. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான பாடங்களைத் தனியே பதிவுசெய்து யூடியூப் வழியாகவும், சில இடங்களில் உள்ளூர்க் கேபிள் வழியாகவும் அளித்தனர். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மலையாளப் பிள்ளைக்கு வீட்டிலோ வாசகசாலையிலோ ஒரு தொலைக்காட்சிப் பெட்டி போதும். கேபிள் எட்டாத லயத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு நல்ல கைப்பேசி வேண்டும், மாதந்தோறும் அதற்குப் பணம் கட்ட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அலைவரிசை வேண்டும். யாரும் வேண்டுமென்று செய்த ஓரவஞ்சனை அன்று இது. சிறுபான்மை மொழிக்குப் பந்தியில் இரண்டாம் வரிசை என்பது, எவரும் திட்டமிடாமலே அமைந்துவிடுகிறது.

மூணாற்றை அடுத்த இராஜமலைத் தோட்டங்களில் அன்று அந்த அலைவரிசை கிடைக்கவில்லை. 2021 ஜூன் மாதத்திலும், அதாவது இரண்டாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கிய பிறகும், அங்குள்ள பிள்ளைகள் பல கிலோமீட்டர் வந்து, இரவிகுளம் தேசியப் பூங்காப் பக்கத்துச் சாலையோரத்தில் அமர்ந்து பாடங் கேட்டார்கள். மலையில் ஜூன் மாத மழை எத்தகையது என்பதை அதில் நனைந்தவரே அறிவர்.

அலைவரிசை இல்லாமை பாடத்தோடு நின்ற குறையுமன்று. அதே இராஜமலையில், நயமக்காடு தோட்டத்தைச் சேர்ந்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தொழிலாளர் லயங்கள் மண்ணுள் மறைந்தன. எழுபதின்மர் மாண்டனர், பள்ளிப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் வெளியுலகிற்குச் செய்தி மறுநாட் காலையில்தான் கிட்டியது. இறந்தோரிற் பெரும்பாலோரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். நோய்க்காலக் கட்டுப்பாடுகளுக்கு இடையே அனுமதி பெற்றுத்தான் உறவினர் எல்லை கடந்து வந்து அழ வேண்டியிருந்தது.

தேர்வு விஷயத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. கேரளம் பாதியில் நின்ற பத்தாம் வகுப்புத் தேர்வை மே 26 முதல் 28 வரை நடத்தி முடித்தது. தமிழ்நாடு ஜூன் 9 அன்று தேர்வையே விலக்கி, அனைவரும் தேர்ச்சி என அறிவித்தது. கம்பம்மெட்டில் சாலைக்கு இப்பால் வாழும் மாணவி முகக்கவசத்தோடு தேர்வெழுதிக்கொண்டிருக்க, அப்பால் வாழும் அவளுடைய மாமன் மகன் எழுதாமலே தேறினான். இவற்றில் எது நன்று என்று இன்றும் அவ்வீடுகளில் வழக்காடுகிறார்கள்.

இன்னொரு செய்தியையும் இடையிலே சொல்லிவிடுகிறோம். இடுக்கியின் உட்காட்டிலுள்ள இடமலைக்குடி, 2010 இல் அமைந்த கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சி. தமிழை ஒட்டிய பேச்சுடைய முதுவர் வாழும் இடம். அம்மக்கள் வெளியாரை உள்ளே விடாமல் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டு, 2021 ஜூலை வரை நோயை அண்டவொட்டாமற் காத்தனர். சாலையும் தொடர்பும் இல்லாத குறை அவர்களுக்கு அந்த ஒருமுறை அரணாயிற்று. அதே குறை அவர்களுடைய பிள்ளைகளைப் பாடத்தினின்றும் விலக்கி வைத்தது.

உலகெங்கும் அந்நாட்களில் 160 கோடி அளவிலான மாணவர் பள்ளியிழந்தனர் என்று யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. அப்பெருந்தொகையில் எல்லையோரத்துப் பிள்ளைகள் ஒரு துளி. ஆனால் பள்ளி மூடினால் வயதிற் சற்று மூத்த பெண்பிள்ளைக்கு மலைநாட்டில் என்ன வேலை காத்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். தாய்மார் காயெடுக்கப் போகும்போது தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். ஆள் குறைந்தால் சரத்தினின்று காய் கிள்ள இன்னும் இரு கைகள் வேண்டும். சிறு விரல்கள் அவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை என்று சொல்வாரும் உண்டு. அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு மனம் பதறுகிறது.

2021 இன் பிற்பகுதியில் நிலைமை தளர்ந்தது. ஆயினும் ஆகஸ்ட் 5 முதல் தமிழ்நாடு, கேரளத்திலிருந்து வருவோர் சோதனைச் சான்றோ இருமுறை தடுப்பூசி போட்ட சான்றோ காட்டவேண்டும் என்றது. அந்நாளில் கூலிக்காரப் பெண்டிரின் முந்தானை முடிச்சில், பணத்திற்குப் பக்கத்தில், மடித்த காகிதம் ஒன்றும் இருந்தது.

தொடக்கப் பள்ளிகள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நாளில் திறந்தன. நாள், 2021 நவம்பர் 1. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இரு மாநிலங்களையும் வகுத்த அதே தேதி. அன்று காலை ஜீப்புகள் மலையேறிச் சென்ற பின், தமிழ்வழி வகுப்பறைகளில் இரண்டாம் வகுப்பு என்று எழுதிய அறைக்குள் பிள்ளைகள் வந்து அமர்ந்தனர். 2020 ஜூனில் முதல் வகுப்பில் பெயர் பதிந்தவர்கள் அவர்கள். பதினேழு மாதங்கள் கழித்து அன்றுதான் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள். அவர்களிற் பலருக்கு அகரத்தின் சுழியை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆசிரியர்கள் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகையில் ‘அ’ எழுதினார்கள்.