ஒரு பாத்தி, ஒரு பக்கம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரையப் பழக வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. நல்ல தாளாகப் பார்த்து ஒரு புத்தகம் வாங்குவோம். முதல் வாரம் நான்கு படம் வரைவோம். ஐந்தாவது படம் சரியாக வராது. புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். என் அலமாரியில் இப்படி மூன்று புத்தகங்கள் கிடந்தன. நான்காவது மட்டும் நிறைந்தது. அதற்குக் காரணம் ஒரு தோட்டப் பாத்தி.

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2016-ஆம் ஆண்டு ஹார்ட்பார்க்கில் பொதுமக்களுக்குப் பாத்திகளை வாடகைக்கு விடத் தொடங்கியது. பின்னர் மற்றப் பூங்காக்களுக்கும் அத்திட்டம் வந்தது. ஒரு பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அவ்வளவுதான். எங்கள் குடும்பத்துக்கும் ஒன்று கிடைத்தது. வெண்டையும் கீரையும் போட்டோம்.

உண்மையில் அது அம்மாவின் பாத்தி. முதல் ஆண்டு அவரே பார்த்துக்கொண்டார். பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நான் போய்வந்தேன். வீடு திரும்பியதும் அம்மா விசாரிப்பார். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினால், அந்தச் சின்னத் திரை அவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால் ஒரு நாள் வெண்டைச் செடியைப் பென்சிலால் பெரிதாக வரைந்து எடுத்துப் போனேன்.

அம்மா உற்றுப் பார்த்தார். "ஏன்டா, இந்த இலை சுருண்ட மாதிரி போட்டிருக்கியே, நெசமாவே அப்படியா இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. நான் தினமும் தண்ணீர் ஊற்றியும் கவனிக்காததை, என் கோணல் படம் அம்மாவுக்குச் சொல்லிவிட்டது. அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. பார்த்ததைச் சொன்னால் போதும்.

அதன் பிறகு பாத்தியின் ஒழுங்கையே வரைவதற்கும் வைத்துக்கொண்டேன். பாத்திக்கு எல்லை உண்டு. எனக்கும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பத்து நிமிடம். தண்ணீர் ஊற்றி முடித்ததும் பென்சிலை எடுத்துவிடுவேன். நேரம் தேடுவதில்லை. வெண்டைப் பூ காலையில் விரியும், அன்றைக்கே வாடிவிடும். நாளை வரையலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பூ கிடைக்காது.

இடையில் வேலை மிகுதியால் இரண்டு வாரம் வரையவில்லை. பாத்தியில் களை மண்டிவிட்டது. புத்தகத்திலும் இடைவெளி. புதிய புத்தகம் வாங்கி முதலிலிருந்து தொடங்கலாம் என்றேன். "களை மொளைச்சா தோட்டத்தையே மாத்துவியா? புடுங்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு" என்றார் அம்மா. அடுத்த பக்கத்தில் களையையே வரைந்தேன்.

பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே, தம் ஜிவெர்னி தோட்டத்துக் குளத்து அல்லிகளை மட்டும் ஏறத்தாழ 250 ஓவியங்களாகத் தீட்டினார். ஒரே குளம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் வெளிச்சம் வேறு. மொனே பெரிய மேதை. நமக்கு அந்த அளவு வேண்டாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் பாத்தி இல்லாமல் இருக்கலாம். வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தாலும் போதும். நாளைக் காலை தண்ணீர் ஊற்றியதும் பத்து நிமிடம் அதன் முன் உட்காருங்கள். வரைந்ததை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மா இன்றும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவருக்காகவாவது நான் ஒரு பக்கம் வரைந்தாக வேண்டும்.