புள்ளியும் குரலும்

(இலுப்பூரில் நிகழ்ந்த வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலுப்பூருக்குக் குடுமியான்மலை வெகுதொலைவில் இல்லை. அங்கே குன்றின் பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தமைதியில் இசைக் கல்வெட்டு ஒன்று உண்டென்பதை இவ்வவையில் அறியாதார் இலர். அதில் சுரங்கள் வெறும் சுரங்களாக நிற்கவில்லை. அ, இ, உ, எ என உயிரேறி வெவ்வேறு வடிவு கொள்கின்றன. அவ்வுயிர் வேறுபாடு பாடுவோனை என்ன செய்யச் சொல்கிறது என்பதில் இசையறிஞர் ஒருமித்த முடிவு கண்டதில்லை. எழுத்து நின்றது, பாடிய முறை நிற்கவில்லை.

மறைந்துபோன மனித உறவினரைப் பற்றிய ஆய்வும் இத்தகையதோர் இடத்தில்தான் வந்து நின்றது. 2010ஆம் ஆண்டில் செருமனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துச் சுவாந்தே பாபோவும் குழுவினரும் நியாண்டர்தால் மனிதரின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டனர். அதே ஆண்டில், சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சிறுமியின் விரலெலும்புத் துண்டிலிருந்து இன்னொரு மனிதக் கிளையும் வெளிப்பட்டது. இப்பணிக்காகப் பாபோ 2022இல் நோபெல் பரிசு பெற்றார்.

படித்தபின் எழுந்த வியப்பு வேறு. புரதம் ஆக்கும் மரபணுக்கள் மனிதர்க்கு ஏறத்தாழ 20,000. இன்றைய மனிதர் ஏறக்குறைய அனைவரிடத்தும் ஒருவிதமாகவும், அவ்வுறவினரிடத்து வேறுவிதமாகவும் அமைந்த புரதங்களோ நூற்றுக்கும் குறைவு. பேச்சோடு தொடர்புடையதெனப் புகழ்பெற்ற ஃபாக்ஸ்பி-2 மரபணுவின் புரதமும் நியாண்டர்தாலிடத்தில் இன்றைய வடிவிலேயே இருந்தது 2007இல் தெரியவந்தது. சொற்கள் ஏறத்தாழ ஒன்றே எனில், பொருள் வேறுபட்டது எங்ஙனம்?

தமிழ் கற்றார்க்கு இதன் விடை புதிதன்று. 'பல' என்பதன் இறுதியில் ஒரு புள்ளியிட்டால் 'பல்' ஆகிறது. எழுத்து மாறவில்லை, அதன் உயிரொலி அடங்கியது. மரபணுவிலும் இத்தகைய புள்ளி உண்டு. சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் மீத்தைல் என்ற சிறு வேதித் தொகுதி ஏறி அமர்கிறது. ஒரு மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இது செறிந்தால் அம்மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். எழுத்துகளோ அப்படியே இருக்கும்.

ஆனால் பல்லாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த எலும்பில் அந்தப் புள்ளியைக் காண்பது எவ்வாறு? ஓலைச் சுவடியில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று ஏடெழுதுவோர் அதை விட்டுவிடுவர். உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் இடம்நோக்கி அதைத் தாமே கண்டுகொள்ள வேண்டியிருந்தது. எலும்பிலும் அதே தொல்லை, தீர்த்துவைத்தது சிதைவு. நாட்பட நாட்படச் சைட்டோசின் அழிகிறது. புள்ளியற்றது அழிந்தால் யுராசில் ஆகும். புள்ளி பெற்றது அழிந்தால் தைமின் ஆகும். ஆய்வுக்கூடத்தில் ஒரு நொதி யுராசிலை அகற்றிவிட, தைமின் தங்கிவிடுகிறது. சைட்டோசின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் மிகுந்து தோன்றினால் அங்கே புள்ளி இருந்ததென்பது பொருள். ஏட்டைச் செல்லரித்த துளையே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது போன்றதோர் அதிசயம் இது!

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து லிரான் கார்மெல், டேவிட் கோக்மன் முதலியோர், பாபோ குழுவினருடன் சேர்ந்து 2014இல் இவ்வழியே புள்ளிப் படத்தை வரைந்தனர். மூன்று மனிதக் கிளைகளுக்கிடையே ஏறத்தாழ 2,000 இடங்களில் வேறுபாடு கண்டனர். கைகால்களின் அமைப்பை ஆளும் மரபணுக்களும் அவற்றுள் அடங்கும்.

கவிஞர்கள் செவிசாய்க்க வேண்டியது 2020இல் வெளியான முடிவு. இன்றைய மனிதரிடத்தில் மட்டும் புள்ளி மாறிய மரபணுக்களுள் முகத்தையும் குரல்வளையையும் உருவாக்குவனவே முன்னணியில் நின்றன. குருத்தெலும்பை ஆக்கும் சாக்ஸ்-9 அவற்றுள் ஒன்று. முகம் தட்டையானதும் குரல்வளை கீழிறங்கியதும் இம்மாற்றங்களோடு இயைவன என்பர் ஆய்வாளர். உயிரொலிகளைத் தெளிவுறப் பிரித்து ஒலிக்க உதவுவதாகக் கருதப்படும் அமைப்பும் அதுவே.

இதைக் கொண்டு நியாண்டர்தால் ஊமை என்று தீர்ப்பளிப்பது அவசரம். ஆய்ந்தவை எலும்பின் புள்ளிகள். குரல்வளையின் மென்தசையோ மூளையோ எஞ்சியதில்லை. 1983இல் இசுரேலின் கெபாரா குகையில் கிடைத்த நாவடி எலும்பு இன்றைய மனிதருடையதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. அவர்கள் பேசியிருக்கலாம், ஒலி வேறாக இருந்திருக்கலாம். அதற்குமேல் சொல்வது கற்பனை. கற்பனை கவிஞர்க்கு உரிமை; ஆய்வாளர்க்கு அன்று.

தமிழ் மண்ணுக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலியோர் கண்ட இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டு முந்தியன என 2018இல் அறிவிக்கப்பட்டது. செதுக்கிய கை எக்கிளையினருடையது? கல் கிடைத்தது, மனித எலும்பு அங்கே கிடைக்கவில்லை. வெப்பநாட்டு மண்ணில் மரபணு நெடிது நிற்பதும் அரிது.

எனினும் எலும்பில் கிடைக்காதது குருதியில் கிடைக்கிறது. மூன்றாம் குரோமோசோமில் ஏறத்தாழ 50,000 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி நியாண்டர்தால் வழி வந்தது. கோவிட் நோயைக் கடுமையாக்குவது. 2020இல் சீபர்க், பாபோ இருவரும் கண்டபடி, ஐரோப்பியருள் 16 விழுக்காட்டினரிடம் உள்ள அப்பகுதி தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இருக்கிறது. இவ்வவையில் அமர்ந்திருப்போருள்ளும் பலர் அதைச் சுமந்திருக்கக்கூடும்.