சோபாவுக்கு முன்னாடி ஒரு கோலம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் சேமிப்பைப் பற்றிப் பேசினார்கள், வங்கிக் கடனைப் பற்றிப் பேசினார்கள். என்னைப் பேசச் சொன்னபோது, "நான் எங்க வீட்டு ஹாலைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் போன வருஷம் நம்ம குழுக்களில் உள்கடன் கேட்டு வந்த மனுக்களைப் பாருங்கள். படிப்புச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடுத்தபடியாக சோபா, கட்டில், டிவி ஸ்டாண்டு என்றுதான் வருகிறது. அதனால் இதுவும் கூட்டமைப்பு பேச வேண்டிய விஷயம்தான்.

நம்மில் பாதிப் பேருக்கு வீட்டு ஹால் என்பது வெறும் ஹால் இல்லை. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஷூ அப்பர் மூட்டை வந்து இறங்குவது அங்கேதான். நாம் ஊசியும் நூலும் பிடித்து உட்காருவது அங்கே. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அக்காமார்களுக்கும் அப்படித்தான். சாயந்திரம் பிள்ளைகள் படிப்பது அங்கே, விருந்தாளி வந்தால் உட்காருவது அங்கே, ராத்திரி எல்லாரும் படுப்பதும் அங்கேதான். ஒரே அறை, நாலு வேலை. கடையில் இருக்கிற சோபாவோ ஒரே ஒரு வேலைக்குச் செய்தது.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீடு லைன் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹால் பத்துக்குப் பத்து. நான், மாமியார், இரண்டு பிள்ளைகள் ஹாலில் படுப்போம். வீட்டுக்காரர் டேனரியில் வேலை. அவர் வெளித் திண்ணையில் படுப்பார், மழை வந்தால் உள்ளே வருவார்.

பெரிய பொண்ணைப் பார்க்க ஒரு இடத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள். "வர்றவங்களைப் பாயிலயா உட்கார வெப்பே?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. டவுனில் ஒரு கடையில் மூணு பேர் உட்காருகிற சோபா ஒன்று, ஒருத்தர் உட்காருவது இரண்டு, கூடவே டீப்பாய், டிவி ஸ்டாண்டு என்று எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குத் தவணையில் எடுத்தேன். குழுவில் கேட்டிருக்கலாம். சோபாவுக்குக் கடன் கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் யாருக்கும் சொல்லவில்லை.

சோபா வந்து இறங்கிய அன்றைக்கே பிரச்சினை. வாசல் வழியாக உள்ளே போகவில்லை. கதவைக் கழற்றித்தான் உள்ளே தள்ளினோம். வாசல் நிலையின் உள் அகலத்தை நான் அளக்கவே இல்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. சோபா மட்டும் நின்றுவிட்டது.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். பத்துக்குப் பத்து என்றால் 100 சதுர அடி. பெரிய சோபா ஆறரை அடிக்கு இரண்டே முக்கால் அடி, அது 18 சதுர அடி. சின்ன சோபா இரண்டும் பதினாறரை. டீப்பாய் நாலரை. டிவி ஸ்டாண்டு 6. முன்னாடியே இருந்த பீரோ நாலரை. மொத்தம் கிட்டத்தட்ட 50. பாதி ஹால் போச்சு. ஒரு பாய் விரிக்க ஆறடிக்கு இரண்டரை அடி, அதாவது 15 சதுர அடி வேண்டும். நாலு பாய்க்கு 60. இருப்பதோ 50, அதுவும் துண்டு துண்டாக. முட்டி வலிக்கார மாமியார் சோபாவில் படுத்தார். தாழ்வான, மெத்துனு இருக்கிற சோபா. காலையில் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்கணும். சின்னவன் டீப்பாய்க்கு அடியில் தலையை வைத்துப் படுத்தான்.

அப்பர் மூட்டைக்கும் இடமில்லை. ஜன்னலை சோபா அடைத்துக்கொண்டதால் வெளிச்சமும் இல்லை. நான் திண்ணைக்குப் போனேன். ஒரு நாள் சாரல் அடித்து 20 ஜோடி நனைந்துவிட்டது. தோலில் கறை விழுந்தது. ஏஜெண்டு திருப்பி அனுப்பிவிட்டார், கூலியிலும் பிடித்தார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். கடைக்காரர் "வருஷத்துக்கு 12 பர்சென்ட்தான் வட்டி" என்றார். 30,000-க்கு இரண்டு வருஷ வட்டி 7,200. மொத்தம் 37,200, மாசம் 1,550. அப்போது எனக்கு ஒரு ஜோடி தைக்க 9 ரூபாய். வட்டிக்கு மட்டும் 800 ஜோடி தைக்கணும். முழு சோபாவுக்கு 4,133 ஜோடி! ஒரு மணி நேரம் யாரோ உட்கார்ந்துவிட்டுப் போனதற்கு.

நம்ம குழுவில் 100-க்கு மாசம் 1 ரூபாய் வட்டி. அதுவும் வருஷத்துக்கு 12 பர்சென்ட்தானே என்று நினைப்பீர்கள். இல்லை. கடைக்காரர் கடைசி மாசம் வரைக்கும் முழு 30,000-க்கும் வட்டி போட்டார். குழுவில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். அதே 30,000-ஐ மாசம் 1,250 அசலாக 24 மாசம் கட்டினால் வட்டி மொத்தமே 3,750 ரூபாய். அந்த வட்டியும் நம்ம குழுவுக்கே வந்து சேரும். தவணையில் எது வாங்கினாலும் "வட்டி எத்தனை பர்சென்ட்" என்று மட்டும் கேட்காதீர்கள். "கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்" என்று கேளுங்கள்.

தவணை முடிந்ததும் சோபாவை 7,000-க்கு விற்றேன். குழுவில் 7,000 கடன் வாங்கி, எங்கள் தெரு ஆசாரியிடம் 14,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி திவான் செய்தேன். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பத்து மாசத்தில் கடனை அடைத்தேன், வட்டி 385 ரூபாய்தான் ஆச்சு. பகலில் மூணு பேர் தாராளமாக உட்காரலாம். ராத்திரி மாமியார் படுக்கிறார். கெட்டியாக, உயரமாக இருப்பதால் தானே எழுந்துகொள்கிறார். உள்ளே பாய், தலையணை, போர்வை எல்லாம் போய்விடும். டிவி சுவருக்குப் போனது. இப்போது திவானும் பீரோவும் சேர்ந்து 20 சதுர அடிக்குள்ளே. 80 சதுர அடி தரை எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஜன்னல் பக்கம் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தைக்கிறேன். கழுத்து வலி முழுசாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் தைலம் தேய்ப்பது குறைந்திருக்கிறது.

இதில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கடைக்குப் போவதற்கு முன்னால் கோலம் போடுங்கள். வாங்க நினைக்கிற சாமானின் நீளம் அகலத்தைக் கேட்டுக்கொண்டு வந்து, சாக்பீஸிலோ கோலமாவிலோ அதே அளவுக்கு ஹாலில் கட்டம் போடுங்கள். ஒரு நாள் முழுக்க அந்தக் கட்டத்தை மிதிக்காமல் வீட்டில் நடந்து பாருங்கள். பாய் விரித்துப் பாருங்கள். பீரோ கதவைத் திறந்து பாருங்கள். நடக்க இரண்டடி வழியாவது வேண்டும். வாசல் நிலையையும் மாடிப்படி திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். செலவு ஒரு சாக்பீஸ்தான்.

இரண்டாவது, ஒரு சாமான் உள்ளே வரணும்னா குறைந்தது இரண்டு வேலை செய்யணும். திவான் உட்காரவும் படுக்கவும் சாமான் வைக்கவும் ஆகும். சோபா கம் பெட் வாங்குகிறவர்கள், விரித்த பிறகு எவ்வளவு இடம் எடுக்கும் என்று பாருங்கள். மடக்கின அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தினமும் அதை இழுத்து விரிக்கிறது யார்? நாமதான். ஒரு கையால் விரிக்க முடியாவிட்டால் ஒரு மாசத்தில் அது விரித்தபடியே கிடக்கும்.

மூன்றாவது, வேலை முடிந்ததும் மறைய வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிற நாற்காலி நாலு வாங்கினால், இரண்டடிக்கு இரண்டடி மூலையில் நின்றுவிடும். மடக்குகிற நாடாக் கட்டில் சுவரோரம் சாயும். பிள்ளைகள் படிக்க, சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை மூணடிக்கு ஒன்றரை அடி போதும். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போடுவதற்கு முன்னால் வீட்டு ஓனரிடம் கேட்டுவிடுங்கள். மடக்குகிற சாமானில் குழந்தைகள் விரல் மாட்டும், கீலுக்குத் தாழ் இருக்கிறதா பாருங்கள்.

நான்காவது, தரை நிறைந்தால் சுவரைப் பாருங்கள். நம்ம பெரியவர்கள் பரண் கட்டினார்கள், கொடி கட்டினார்கள், குழந்தைக்குத் தூளி கட்டினார்கள். தலைக்கு மேலே இருக்கிற இடத்துக்கு யாரும் தவணை கேட்பதில்லை. கனமானதை மட்டும் மேலே வைக்காதீர்கள். உயரமான அலமாரியைச் சுவரோடு திருகி வையுங்கள், பிள்ளைகள் ஏறும்.

ஐந்தாவது, எதில் செய்தது என்று கேளுங்கள். மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு விலை குறைவு, பார்க்கப் பளபளப்பு. தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த சமயம், எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த அலமாரி ரொட்டி மாதிரி ஊறிப்போனது. இரும்புப் பீரோவைத் துடைத்து வைத்தார்கள். பிளைவுட் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 303 அல்லது 710 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். 710 தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும். அடியில் கால் வைத்துத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திச் செய்யச் சொல்லுங்கள்.

தோல் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அப்பர் மூட்டையைத் திவான் பெட்டிக்குள் அடைக்காதீர்கள், காற்று இல்லாமல் பூஞ்சை பிடிக்கும். திறந்த பலகையில் வையுங்கள். பசை டப்பாவை அடுப்புப் பக்கமோ, பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்திலோ வைக்கவே கூடாது. ஜன்னலை எந்தச் சாமானாலும் அடைக்காதீர்கள். வெளிச்சமும் காற்றும் அது வழியாகத்தான் வரணும்.

சகோதரிகளே, இப்போது ஊராட்சிகளில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கட்டுகிறார்கள். 360 சதுர அடி. பிரதமர் வீடு திட்டத்தில் குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 269 சதுர அடி. சமையலறை, கழிப்பறை, சுவர் போக மிச்சம் என்ன இருக்கும்? சொந்த வீடு கிடைத்த சந்தோஷத்தில் முதல் மாசமே தவணைக்குச் சாமான் வாங்கி, அந்த வீட்டை நாமே சின்னதாக்கிவிடக் கூடாது. வாங்கிய சாமானுக்கு நடுவில் நாம் ஒதுங்கி வாழ்கிற நிலைமை வரக் கூடாது.

பாயில் உட்காருவது கௌரவக் குறைச்சல் என்று யார் சொன்னது? ஜப்பான் பணக்கார நாடு. அங்கே அறையின் அளவையே "இத்தனை பாய்" என்று கணக்குச் சொல்வார்கள். பழைய பாணி வீடுகளில் படுக்கையைக் காலையில் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அதே அறையில் சாப்பிடுவார்கள். நமக்குப் பக்கத்தில் வந்தவாசியில் கோரைப் பாய் நெய்கிறார்கள். ஒரு நல்ல பாய் விரித்தால் ஆறு பேர் உட்காரலாம், சுருட்டினால் ஒரு மூலையில் நிற்கும். அதைவிட இடம் மிச்சம் பிடிக்கிற சாமானை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு மட்டும் உயரமாக ஒரு இருக்கை அவசியம் வேண்டும்.

திவான் வந்த பிறகு என் பொண்ணுக்கு நல்ல இடம் அமைந்தது. அவர்கள் வந்தபோது சோபா இல்லை. பெரியவர்கள் திவானில், மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டுச் சாமானுக்கு உள்கடன் கேட்டு ஒரு உறுப்பினர் வந்தால், வெட்கப்பட வைக்காதீர்கள். வெட்கம்தான் என்னைக் கடைக்காரரிடம் அனுப்பியது. கடனும் கொடுங்கள், கூடவே இரண்டு உறுப்பினர்கள் ஒரு டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் அளந்துவிட்டு வாருங்கள். இதை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதி நிறைவேற்றணும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் டேப்பை எங்கள் குழுவே வாங்கித் தருகிறோம்.