குடியிருப்பும் பள்ளிக்கூடமும்

முன்னாளில் ஒரு குடும்பம் புதியதோர் ஊரிற் குடியேற எண்ணியபோது, நன்னீர்க் கிணறு உண்டோ, கோயில் அணித்தாய் உள்ளதோ என்று வினாவிற்று. இக்காலத்தில் வீடு வாங்கப் புகுவோர் அவற்றுக்கு முன்னதாக வினாவுவது பிறிதொன்று: அவ்விடத்திலிருந்து பிள்ளைக்கு எந்தப் பாடசாலை கிடைக்கும் என்பதே அது.

இவ்வினா காரணமின்றி எழுந்ததன்று. கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால், 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1 ஆந் திகதி இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. செல்வர் பிள்ளையும் வறியவர் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்தல் வேண்டும் என்பது அதன் உட்கிடை. ஆயினும் பெயர்பெற்ற பாடசாலைகளில் இடங்கள் சில. அவற்றை நாடுவோர் பலர். ஆகவே முதலாந் தர அனுமதிக்கு விதிகள் வேண்டியவாயின. அண்மைய ஆண்டுகளில் வெளிவந்த கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள், நூற்றுக்கு 50 இடங்களை அயலில் வசிப்போரின் பிள்ளைகளுக்கும், 25 இடங்களைப் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 இடங்களை அங்கு கற்கும் மாணவரின் உடன்பிறந்தாருக்கும் வகுத்துள்ளன. எஞ்சியவை வேறு சில பிரிவினர்க்குரியவை.

பாதியிடங்கள் அயலவர்க்கு என்றதும் அயற்காணிக்கு மதிப்பு ஏறுகின்றது. பள்ளி வாயிலிலிருந்து நீங்கிய கட்டணம் காணியின் விலையுள் மீண்டும் புகுந்துகொள்கின்றது.

கொழும்பிலே வாடகைவீட்டில் வாழும் எழுதுவினைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய பிள்ளைக்கு வயது மூன்று. புகழ்பெற்ற பாடசாலையொன்றை மனத்திற்கொண்டு, மனைவியின் நகைகளை விற்று, வங்கியிலும் கடன்பட்டு, அதற்கு அரை மைல் தொலைவில் ஒரு தொடர்மாடி வீட்டை வாங்குகின்றார். உறுதி அவர் பெயரில் உள்ளது. குறையொன்றும் இல்லையென்றே நம்புகின்றார். ஆனால் அவர் எண்ணாதவை இரண்டு. முதலாவது, காலம். முழுப் புள்ளியும் பெறுதற்கு அவ்விடத்தில் ஐந்தாண்டு வசித்தமையை வாக்காளர் இடாப்பு முதலியவற்றாற் காட்டுதல் வேண்டும். ஐந்து வயதிற் பள்ளி புகும் பிள்ளைக்கு இது வேண்டுமாயின், அது தொட்டிலிற் கிடக்கும்போதே பெற்றோர் அங்கே குடிபுகுந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, இடையிலுள்ள பாடசாலைகள். நாடிய பாடசாலையினும் அண்மையில், பிள்ளை சேரத்தக்க வேறு அரசினர் பாடசாலைகள் இருப்பின், ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறைக்கப்படும். எனவே அரை மைல் என்பது மட்டும் போதாது. அந்த அரை மைலுக்குள் எத்தனை பாடசாலைகள் உள்ளன என்பதும் நோக்கற்பாலது. இவற்றை ஆராயாதவர்க்கு இடம் கிடையாமற் போகலாம். கடன் மட்டும் நிலைத்து நிற்கும்.

ஆதலின் முற்பணம் கொடுக்குமுன் அவ்வாண்டுச் சுற்றறிக்கையை வாசித்தல் முதற் கடன். விதிகள் காலந்தோறும் மாறுவன. தரகர் சொல் அவற்றுக்கு ஈடாகாது. அடுத்து, இகழ்ந்து ஒதுக்கப்படும் அயற்பாடசாலைக்கு ஒருநாட் காலையிற் சென்று பார்த்தல் நன்று. ஆசிரியர் நேரத்துக்கு வருகின்றனரா? கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆளுண்டா? மலசலகூடம் துப்புரவாக உள்ளதா? மூன்றாந் தரத்துப் பிள்ளை பிழையின்றி வாசிக்கின்றதா? இவற்றுக்கு விடை நன்றாயின், பெயரின் பொருட்டுப் பெருங்கடன் படுதல் வேண்டுவதில்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை பின்னர் வேறு பாடசாலை செல்லவும் வழி திறக்கும்.

இருள் பிரியுமுன் எழுப்பப்பட்டு, வாகனத்தில் உறங்கியவாறே நெடுந்தூரம் செல்லும் பிள்ளை இழப்பது உறக்கத்தை மட்டுமன்று. மாலை விளையாட்டையும் அயல்வீட்டுத் தோழமையையும் சேர்த்தே இழக்கின்றது. மேலும், வசதியுள்ள பெற்றோர் யாவரும் விட்டகலும் பள்ளிக்கூடம் நாளடைவில் நலிகின்றது. அவருட் சிலரேனும் நிலைத்து நின்று அதன் குறைகளைக் கேட்டு நிற்பின் அது தழைக்கின்றது. நல்ல பள்ளிக்கூடத்தின் அருகே வீடு தேடுவது பெற்றோர் கடமையாகலாம். வீட்டருகே உள்ள பள்ளிக்கூடத்தை நல்லதாக்குவது ஊரவர்க்கும் அரசுக்கும் உரிய கடமை. இலவசக் கல்வியின் பயன் நிறைவுறுவது அந்த இரண்டாவது கடமையினாலேயாம்.