சிரிக்க வைத்தவர்களுக்கு யார் விருது கொடுப்பது?

(சங்கரன்கோவில் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் 1975லிருந்து 1985வரை ‘தி ஜெஃபர்சன்ஸ்’ என்றொரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஓடியது. சலவைக்கடை வைத்து முன்னுக்கு வந்த கறுப்புக் குடும்பத்தின் கதை. (நம்ம ஊர்ல சலவைக்காரர் வீட்டை வைத்து அப்படியொரு தொடர் எடுப்பானா?) அதில் மனைவியாக நடித்த இசபெல் சான்ஃபோர்டுக்கு 1981ல் நகைச்சுவைத் தொடர்களின் சிறந்த நாயகி என எம்மி விருது கிடைத்தது. அதே விருதை அடுத்த கறுப்புப் பெண், குயின்டா பிரன்சன், வாங்கியது எப்போ தெரியுமா? 2024 ஜனவரியில். இடைப்பட்ட நாற்பத்திரண்டு வருஷமும் கறுப்புப் பெண்கள் யாருமே சிரிக்க வைக்கலையா?

அவர்களுடைய உரிமை இயக்கமான என்.ஏ.ஏ.சி.பி. 1967லேயே ‘இமேஜ்’ விருதுகளைத் தொடங்கிவிட்டது. அடுத்தவன் கைதட்டட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை.

நம்ம கதைக்கு வருவோம். கரகாட்டத்தில் பபூன் வேஷம் கட்டுன எங்க பெரியப்பாவைப் பார்த்து ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும். விடிஞ்சதும் அதே ஆளுக அவருக்குச் சிரட்டையில டீ ஊத்துவாக. பறையிசைக்காக வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், சந்தோஷம். பபூனுக்கு?

பெரியப்பா போட்டோ ஒண்ணுகூட எங்க வீட்ல இல்ல. வர்ற ஆடித்தபசுக்குள்ள அவங்கவங்க தெருவில் வேஷம் கட்டியவர்கள் பெயரை எழுதி எடுத்துட்டு வாங்க. விருதை அப்புறம் பேசுவோம்.